மாஸ்டர் பிளான் வரைவு வந்ததும் கடிதத்தில் சர்வே எண் போடுங்கள்

சென்னைப் பெருநகருக்கு 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது மாஸ்டர் பிளானை சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) தயாரித்து வருகிறது. உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் நாளைக்கு எது வரலாம், எது வரக்கூடாது என்பதை அந்த வரைபடம்தான் சொல்லும்.

வரைவு தயாரானதும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுதித் தரக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், வாடகை வீட்டில் இருப்பவர்களும்தான்.

"எங்கள் ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாக எழுதினால் அதிகாரி வரைபடத்தில் எந்தக் கோட்டை மாற்றுவார்? இப்படி எழுதுங்கள்: "இன்ன கிராமம், இன்ன சர்வே எண். அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு. வரைவில் குடியிருப்புப் பகுதி என்று இருக்கிறது. நீர்நிலை என்று திருத்த வேண்டும்." அ-பதிவேடு என்பது ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு; அதன் விவரத்தை அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் படம் இருந்தால் தேதியோடு இணையுங்கள். வரைவு கோடையில் வெளிவந்தால் அப்போது எடுக்க முடியாது, அதனால் வருகிற மழையிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்புறம், "நேரில் விளக்க வாய்ப்பு வேண்டும்" என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது, பலர் கேட்பதே இல்லை. கடிதத்தைக் கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.