மெர்க்குரி பேட்டரி கேட்கும் பழைய கேமராவில் செய்யக்கூடாத தவறுகள்

மினோல்டா எஸ்ஆர்டி 101, கேனன் எஃப்டிபி, ஒலிம்பஸ் ஓஎம் 1, ரோலை 35, நிக்கோமேட் எஃப்டிஎன் என 1960களிலும் 70களிலும் வந்த பல கேமராக்களின் லைட் மீட்டர், அதாவது வெளிச்சத்தை அளந்து ஒரு முள்ளால் காட்டும் பாகம், ஒரே வகை பேட்டரியை நம்பி இருந்தது. பிஎக்ஸ் 625 என்ற 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரி அது. பாதரசம் மண்ணிலும் நீரிலும் கலப்பதைத் தடுக்க 1990களில் நாடுகள் ஒவ்வொன்றாக இந்த பேட்டரிக்குத் தடை போட்டன. அமெரிக்கச் சட்டம் 1996இல் வந்தது. தடை நியாயமானதுதான். ஆனால் கேமராக்கள் இன்றும் நன்றாக ஓடுகின்றன, அவற்றின் மீட்டர்கள் இன்றும் 1.35 வோல்ட்டைத்தான் எதிர்பார்க்கின்றன.

பெரும்பாலோர் செய்யும் தவறு, உள்ளே பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குவது. பிஎக்ஸ் 625ஏ என்ற அல்கலைன் பேட்டரி அதே அளவில் கிடைக்கிறது. போட்டால் முள்ளும் அசைகிறது. பிரச்சினை அதன் மின்னழுத்தத்தில். புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட்டுக்கு மேல் தரும், பிறகு பயன்படுத்தப் பயன்படுத்த மெல்ல இறங்கிக்கொண்டே போகும். மெர்க்குரி பேட்டரியோ கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவில் நின்று, அப்புறம் சட்டென்று தீர்ந்துவிடும். அந்த நிலைத்தன்மையை நம்பித்தான் வடிவமைப்பாளர்கள் மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகம் எதையும் உள்ளே வைக்கவில்லை.

இந்த மீட்டர்களில் வெளிச்சத்தை உணரும் காட்மியம் சல்ஃபைடு செல் ஒன்று இருக்கும். வெளிச்சம் கூடினால் அதன் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், முள் நகரும். மின்னழுத்தம் கூடினாலும் மின்னோட்டம் கூடத்தான் செய்யும். காரணம் எது என்று முள்ளுக்குத் தெரியாது. வெளிச்சம் அதிகம் என்று காட்டிவிடும், நீங்களும் லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரைச் சுருக்குவீர்கள், படம் இருண்டுவிடும். நெகட்டிவ் ஃபிலிம் ஓரிரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) அதிக வெளிச்சத்தைத் தாங்கும். குறைவான வெளிச்சத்தை அந்த அளவுக்குத் தாங்காது. தப்பான பேட்டரி தள்ளிக்கொண்டு போவது சரியாக அந்தக் குறைவான பக்கத்துக்குத்தான். ஸ்லைடு ஃபிலிமில் எந்தப் பக்கம் பிசகினாலும் தெரிந்துவிடும்.

சரி, ஃபிலிமின் வேகத்தைக் குறிக்க மீட்டரில் வைக்கும் ஐஎஸ்ஓ எண்ணை ஒரு ஸ்டாப் மாற்றி ஈடுகட்டலாமே என்று சொல்பவர்கள் உண்டு. அல்கலைனில் இது நிற்காது, ஏனென்றால் இன்று செய்த திருத்தம் பேட்டரி இறங்கியதும் பொருந்தாமல் போகும். 1.55 வோல்ட்டில் நிலையாக நிற்கும் எஸ்ஆர் 44 சில்வர் ஆக்ஸைடு பேட்டரியில் ஓரளவு பலிக்கும். ஆனால் பல கேமராக்களில் பிழை எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. வெயிலில் சரிசெய்த கணக்கு வீட்டுக்குள் பிசகும்.

கேமராவில் உள்ள பேட்டரி செக்கையும் அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான் அது பெரும்பாலும் இருக்கிறது. முள் குறியைத் தாண்டியது என்றால் போதிய மின்னழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம், சரியான மின்னழுத்தம் என்று அர்த்தமில்லை.

எல்லாப் பழைய கேமராவுக்கும் இந்தக் கவலை தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் மின்னழுத்த மாற்றம் அளவைப் பாதிக்காதபடி அமைந்த பிரிட்ஜ் சர்க்யூட் இருப்பதால் சில்வர் ஆக்ஸைடிலும் சரியாக அளக்கும். யாஷிகா எலெக்ட்ரோ 35 கேட்பது 5.6 வோல்ட். இன்றைய 6 வோல்ட் பேட்டரியை ஒரு அடாப்டரோடு போட்டால் நன்றாக வேலை செய்யும். ஒலிம்பஸ் ட்ரிப் 35க்கு பேட்டரியே வேண்டாம், அதில் இருப்பது வெளிச்சத்திலிருந்து தானே மின்சாரம் தரும் செலினியம் செல். வாங்குவதற்கு முன் உங்கள் மாடல் எந்த வகை என்று பார்த்துக்கொண்டால் வீண் செலவு மிச்சம்.

1.35 கட்டாயம் வேண்டும் என்றால் நான் முதலில் சொல்வது, காது கேட்கும் கருவியில் போடும் 675 எண் ஜிங்க் ஏர் பேட்டரி. மெர்க்குரிக்கு மிக அருகில் நிலையாக நிற்கும், விலையும் குறைவு. ஆனால் அது காற்றில் உள்ள ஆக்ஸிஜனை வைத்து இயங்குவது. மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்த நாளிலிருந்து, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், சில வாரங்களோ ஓரிரு மாதங்களோதான் ஆயுள். திரும்ப ஒட்டினாலும் முழுதாக நின்றுவிடாது. கிழித்தவுடன் போட்டு, மீட்டர் மந்தமாக இருக்கிறது என்று முடிவுகட்டவும் வேண்டாம், காற்று உள்ளே போகச் சில நிமிடம் கொடுங்கள். ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை டேப்பாலோ வளையத்தாலோ அடைத்துவிடக் கூடாது. ரோலை 35இல் இன்னொரு சங்கடம்: பேட்டரி இருக்கும் இடம் ஃபிலிமுக்குப் பின்னால், முதுகைக் கழற்றினால்தான் எட்டும். பாதி ரோலில் பேட்டரி தீர்ந்தால் மாற்ற வழியில்லை, அதனால் புது ரோல் போடும்போதே புது பேட்டரியும் போட்டுவிடுங்கள்.

675உம் எஸ்ஆர் 44உம் 11.6 மில்லிமீட்டர் அகலம்தான். 625 ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். இடைவெளியை அலுமினியத் தாளைச் சுருட்டி அடைப்பது ஆபத்து, நகர்ந்தால் ஷார்ட் ஆகும். ரப்பர் வளையம் பல கேமராக்களுக்குப் போதும். பக்கச் சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கும் கேமராக்களுக்கு உலோக வளையம் வேண்டும்.

அடாப்டர் வாங்கும்போதும் கவனம் தேவை. விலை குறைந்தவை வெறும் வளையங்கள், அளவை மட்டும் மாற்றும், எஸ்ஆர் 44 போட்டால் 1.55 அப்படியே போகும். ஷாட்கி டையோடு என்ற சிறு மின்னணு பாகம் உள்ளவைதான் மின்னழுத்தத்தையும் குறைக்கும். நீண்ட நாள் வைத்துக்கொள்ளப்போகும் கேமராவுக்கு அதற்குக் கொடுக்கும் காசு தகும். அதிலும் அல்கலைனான எல்ஆர் 44ஐப் போட்டுவிடாதீர்கள். பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும், அது இறங்கிக்கொண்டே போகும்.

பலர் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் மெக்கானிக்கிடம் கொடுத்து மீட்டரை 1.5 வோல்ட்டுக்கு மாற்றியிருக்கலாம். அந்தக் கேமராவில் 1.35 போட்டால் பிழை எதிர்ப்பக்கம் திரும்பும். மீட்டரின் வெளிச்சம் உணரும் செல்லே வயதாகித் தளர்ந்திருக்கவும் கூடும். அதனால் எந்த பேட்டரி போட்டாலும், நம்பகமான வேறொரு மீட்டரோடு வெயில், நிழல், வீட்டு விளக்கு என மூன்றிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே வண்ணமுள்ள வெற்றுச் சுவர் போதும்.

எங்கோ கிடந்த பழைய மெர்க்குரி பேட்டரியைத் தேடி அதிக விலைக்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பல வருடம் கிடந்ததில் எவ்வளவு மிச்சம் என்பது யாருக்கும் தெரியாது, கசிந்தால் வெளியே வருவது விஷம். வாங்கிய கேமராவுக்குள்ளேயே ஒன்று இருந்தால் கையுறை போட்டு எடுத்து, மூடியுள்ள டப்பாவில் வைத்து, அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். குப்பையில் போடுவதோ எரிப்பதோ கூடவே கூடாது.