சப்போர்ட் நின்ற கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டும் முன்

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் இலவச சப்போர்ட் நின்றது. "இந்த பிசியில் விண்டோஸ் 11 ஓடாது" என்று திரை சொன்னால், எதனால் ஓடாது என்று முதலில் பாருங்கள்.

விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் இல்லை என்று காட்டினால் உடனே நம்ப வேண்டாம். பல மெஷின்களில் அது பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையில்) அணைந்து கிடக்கும். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ராசஸர்தான் காரணம் என்றால் பயாஸில் வழியில்லை. இன்டெல்லில், சில விதிவிலக்குகள் போக, 8-ஆம் தலைமுறைக்கு முந்தையவை விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் கிடையாது. இதில் எனக்குக் கோபம் உண்டு. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ்; அதன் மையப்பகுதியான கெர்னல் 2012 டிசம்பரில் 386 என்ற பழைய இன்டெல் சிப்பைக் கைவிட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்து வந்த 486 சிப்பில் இருந்த சில கட்டளைகள் அதில் இல்லை, அதற்கென்று தனியாக ஒட்டுவேலை செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் உள்ள 7-ஆம் தலைமுறை ஐ5 அப்படியா? நேற்றுவரை ஒழுங்காக வேலை பார்த்த மெஷின் அது.

அதில் லினக்ஸ் போடுங்கள். இன்ஸ்டால் செய்யும் முன் பென்டிரைவிலிருந்தே பூட் செய்து வைஃபை, சத்தம், மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதையெல்லாம் பாருங்கள். ரொம்பப் பழையது என்றால் டெர்மினலில் எல்எஸ்சிபியு கட்டளை கொடுத்து, ஃபிளாக்ஸ் வரிசையில் 'எல்எம்' இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அது 32 பிட் சிப். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 13-ஆம் பதிப்பில் அதற்கு இன்ஸ்டாலரே இல்லை, 12-தான் கடைசி.

பழைய ஸ்கேனர், பிரிண்டரையும் அவசரப்பட்டுக் கழிக்காதீர்கள். என் ஸ்கேனருக்கு 32 பிட் டிரைவரோடு கம்பெனி கையை விரித்துவிட்டது; 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது. லினக்ஸில் யுஎஸ்பியைச் செருகி சிம்பிள் ஸ்கேன் என்ற மென்பொருளைத் திறந்தேன், பெயரோடு பட்டியலில் வந்து நின்றது. எல்லா மாடலுக்கும் இது அமையாது. லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்க உதவும் சேன் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் உங்களுடையது இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கால மென்பொருளுக்கு, டாஸ் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் போதும். விண்டோஸ் எக்ஸ்பி கேட்கும் கணக்கு மென்பொருள் என்றால் வர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரில்) ஓட்டி, அதன் நெட்வொர்க்கை அணைத்துவிடுங்கள். பழைய விண்டோஸையே வைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றாலும் இதே கதைதான்: நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், பேங்க் வேலையை வேறு மெஷினில் பாருங்கள்.