டர்பனில் சிறப்புப் பிள்ளைகளின் ஆசிரியராக: அனுபவம் இல்லாதவர் எங்கே தொடங்குவது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஆடி மாதம் மாரியம்மன் கஞ்சிக்குப் போனால், யாராவது ஒரு தங்கச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, நானும் உங்கள மாதிரி சிறப்புப் பள்ளியில சேரணும். ஆனா அனுபவம் ஒண்ணுமே இல்லையே" என்பாள். போன ஆடியில் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: போய் உட்காருங்கள்

எந்தப் படிப்புக்கும் இப்போதே பணம் கட்டாதீர்கள். சில வாரச் சான்றிதழ் ஒன்றுக்கு நான் கட்டினேன். எந்தப் பள்ளியும் அதை மதிக்கவில்லை. அந்தப் பணம் அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்தது.

பக்கத்தில் உள்ள பள்ளியின் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ரிசர்வாயர் ஹில்ஸில் ஆர்.பி. மூட்லி பள்ளி இருக்கிறது. காது கேளாத பிள்ளைகளுக்கு வி.என். நாயக் பள்ளி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பார்வையற்றோருக்கு ஆர்தர் பிளாக்ஸல் பள்ளி. 2001-இல் வந்த வெள்ளை அறிக்கை 6 என்ற அரசின் கல்விக் கொள்கைக்குப் பிறகு, சாதாரணப் பள்ளிகள் சிலவும் ஃபுல் சர்வீஸ் பள்ளிகளாகி, துணை தேவைப்படும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. "வாரம் ஒரு காலை, சம்பளம் வேண்டாம், வகுப்பில் உதவிக்கு இருக்கிறேன்" என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

18 முதல் 35 வயதுக்குள் இருந்தால், 2020 முடிவில் தொடங்கிய அரசின் இளைஞர் வேலைத் திட்டத்தையும் கவனியுங்கள். எஸ்ஏ யூத் என்ற இணையதளத்தில் விண்ணப்பம் திறக்கும்போது, உதவித்தொகையோடு பள்ளி உதவியாளராகச் சேரலாம்.

இரண்டாம் படி: காகிதங்கள்

போலீஸ் சான்று வேண்டும். பாலியல் குற்றவாளிகள் பதிவேடு, குழந்தைப் பாதுகாப்புப் பதிவேடு இரண்டிலும் உங்கள் பெயர் இல்லை என்ற சான்றும் கேட்பார்கள். இவை கைக்கு வர நாளாகும், இன்றே விண்ணப்பியுங்கள்.

மூன்றாம் படி: ஒரு நோட்டுப் புத்தகம்

எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தது இதுதான். ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "அடம் பிடித்தான்" என்று எழுதக் கூடாது. "மேசைக்கு அடியில் போய்க் காதைப் பொத்தினான்" என்று எழுத வேண்டும்.

நான் உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரம், எட்டு வயதுப் பையன் ஒருவன் தினமும் மேசைக்கு அடியில் புகுந்தான். குறும்பு என்றே நினைத்தேன். நான்கு நாள் எழுதிய பிறகு, முதல் பத்தியில் நான்கு முறையும் ஒரே சொல் இருந்தது: மணி. அந்த மணிச்சத்தம் அவனுக்கு வலி. ஐந்தாம் நாள் மணி அடிக்குமுன் அவனைக் கூட்டிக்கொண்டு நூலக மூலைக்குப் போனேன். அன்று அவன் மேசைக்கு அடியில் போகவே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்து, ஒரு வேலையைத் துண்டு துண்டாக உடைக்கப் பழகுங்கள். கை கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள்: குழாயைத் திற, கையை நனை, சோப்பு எடு, தேய், அலசு, குழாயை மூடு, துடை. ஏழு துண்டு. பல பிள்ளைகளுக்குக் கடைசித் துண்டிலிருந்து சொல்லித்தருவது நல்லது. ஆறு துண்டுக்கு நீங்கள் கை கொடுங்கள், துடைப்பதை மட்டும் பிள்ளை தானாகச் செய்யட்டும். அது கைவந்ததும் குழாயை மூடுவதையும் பிள்ளையிடம் விடுங்கள். இப்படிப் பின்னிருந்து முன்னால் வந்தால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது பிள்ளைதான். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்!

நான்காம் படி: இப்போது படியுங்கள்

சில மாதம் வகுப்பில் இருந்த பிறகும் மனம் அங்கேயே நின்றால் படிப்பில் இறங்குங்கள். மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) முடித்தவருக்கு நான்கு ஆண்டு பி.எட். ஏற்கனவே பட்டம் இருந்து, அதில் பள்ளிப் பாடங்கள் இருந்தால், பட்டதாரிகளுக்கான ஓராண்டு ஆசிரியர் படிப்பான பிஜிசிஇ. பைன்டவுனுக்குப் பக்கத்தில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் எட்ஜ்வுட் வளாகம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க, தொலைநிலைப் பல்கலைக்கழகமான யூனிசா. ஆசிரியர் படிப்புக்கு அரசு தரும் ஃபுன்சா லுஷாக்கா உதவித்தொகை கிடைத்தால், பெற்ற ஆண்டுகளுக்கு ஈடாக அரசுப் பள்ளியில் பணிபுரிய வேண்டும். படித்து முடித்ததும் சேஸ் என்ற ஆசிரியர் மன்றத்தில் பதிவு. அது இல்லாமல் ஆசிரியராக நிற்க முடியாது. சிறப்புக் கல்விக்கென்ற மேல்படிப்பு அதன் பிறகு.

ஐந்தாம் படி: பிள்ளையின் மொழி

இங்கே நம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் ஜூலு பேசுவார்கள். காது கேளாத பிள்ளைக்குச் சைகைதான் தாய்மொழி. 2023-இல் அது நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழியும் ஆனது. முதல் மாதத்துக்குப் பிள்ளையின் மொழியில் இருபது சொல் போதும்: தண்ணீர், வலி, போதும், இன்னும், கழிப்பறை. காலையில் வாசலில் பிள்ளையை விட வரும் அம்மாவிடம் "சாவுபோனா, மாமா" (ஜூலுவில் "வணக்கம், அம்மா") என்று சொல்லி, நேற்று அவள் பிள்ளை தானாகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். "முன் ஜென்மப் பாவம்" என்று நம் ஆட்களே காதுபடப் பேசும் ஊர் இது. பல அம்மாக்களுக்குப் பிள்ளையைப் பற்றி அன்று கேட்கும் ஒரே நல்ல வார்த்தை உங்களுடையதாக இருக்கும்.