குளிர்ந்த பற்றரியோடு சார்ஜருக்குப் போகாதீர்கள்: வின்ரரில் மின்சாரக் கார் ஓடுபவர்கள் செய்யும் தவறுகள்

ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை ஏழரை மணிக்கு மருமகன் கிங்ஸ்ரனில் இருந்து அழைத்தான். வெளியே மைனஸ் 19. "மாமா, இந்தச் சார்ஜர் பழுது போல. 150 கிலோவாற்று எண்டு எழுதிக் கிடக்கு, 14தான் ஏறுது. மூண்டு சார்ஜர் மாத்திப் பாத்திட்டன்." பின் இருக்கையில் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. நான் ஒன்றுதான் கேட்டேன்: "ராத்திரி காரை எங்க விட்டனி?" சிநேகிதன் வீட்டு வாசலில், வெளியே. அங்கிருந்து சார்ஜர் மூன்று கிலோமீற்றர்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆறு வின்ரருக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். ரொறன்ரோவில் மின்சாரக் காரில் வாடகை ஓட்டம் ஓடுகிறேன். குளிர் நாளிலும் 250 கிலோமீற்றருக்குக் குறையாது. புதிதாகக் கார் எடுத்தவர்கள் ஒவ்வொரு ஜனவரியும் இதே இடத்தில் வந்து நிற்பதைப் பார்க்கிறேன். வின்ரர் ரயர் போடுங்கள், மெதுவாக ஓடுங்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று விடுவது

மொன்றியலில் பெரியம்மாவின் அந்தியேட்டி. அம்மாவையும் ஏற்றிக்கொண்டு முதல்நாள் பின்னேரம் ஸ்காபரோவில் இருந்து வெளிக்கிட்டேன். நாங்கள் போய்ச் சேர இரவு பதினொன்று. பற்றரியில் 22 வீதம் இருந்தது. மணிக்கணக்காக நெடுஞ்சாலையில் ஓடி வந்ததால் பற்றரி நன்றாகச் சூடேறியிருந்தது. வழியிலேயே வேகச் சார்ஜர் இருந்தது. 25 நிமிடம் நின்றிருந்தால் போதும். களைப்பு. காலையில் போடலாம் என்று நேரே வீட்டுக்குப் போய், காரைத் தெருவில் விட்டுவிட்டுப் படுத்தேன்.

இரவு மைனஸ் 24. காலையில் 22 வீதம் 16 ஆகியிருந்தது. நாலு கிலோமீற்றர் ஓடிப்போய் அதே சார்ஜரில் செருகினேன். 12 கிலோவாற்று. அரை மணி கழித்தும் 15. தேவையான அளவு ஏற ஒரு மணி நாற்பது நிமிடம் எடுத்தது. சொந்த அக்காவின் கிரியைக்கு அம்மா பிந்தித்தான் போய்ச் சேர்ந்தார். என்னை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த 25 நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. காசும் போனது: அங்கே நிமிடக் கணக்கில் கட்டணம், ஆகவே அதே மின்சாரத்துக்கு நாலு மடங்கு கட்டினேன். கனடாவில் கிலோவாற்று மணிக் கணக்கில் மின்சாரம் விற்கச் சார்ஜர்காரருக்கு 2023 இல்தான் வழி திறந்தது. இன்றும் நிமிடக் கணக்குச் சார்ஜர்கள் இருக்கின்றன, பார்த்துச் செருகுங்கள்.

அந்தச் சார்ஜரில் பழுது எதுவும் இல்லை. வேகத்தைக் குறைத்தது கார்தான், அதுவும் சரியான காரணத்தோடு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயன்கள் (மின்னேற்றமுள்ள அணுக்கள்) பற்றரிக்குள் இருக்கும் கிரபைற்று அடுக்குகளுக்குள் புக வேண்டும். குளிரில் பற்றரிக்குள் இருக்கும் திரவம் தடித்துவிடும், அயன்கள் மெதுவாகத்தான் நகரும். அந்த நேரத்தில் பலமாகத் தள்ளினால் அவை உள்ளே புகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வராது. பற்றரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அதனால்தான் காரின் கணினி 150 கிலோவாற்றுச் சார்ஜரிலும் 12 மட்டும் வாங்குகிறது, அதிலும் ஒரு பங்கைப் பற்றரியைச் சூடாக்கவே செலவழிக்கிறது.

மூன்று நாலு கிலோமீற்றர் ஓட்டம் ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு. பற்றரி 450 கிலோ என்று வையுங்கள். அதை 30 பாகை சூடாக்க ஏறத்தாழ 4 கிலோவாற்று மணி வேண்டும். காரில் இருக்கும் சூடாக்கி 5 அல்லது 6 கிலோவாற்று என்றால் நாற்பது, ஐம்பது நிமிடம். ஐந்து நிமிட ஓட்டத்தில் அந்தப் பாரம் அசையவே அசையாது.

ஆகவே வெளியூரில் இரவு தங்கப் போகிறீர்கள், அங்கே செருக வசதி இல்லை என்றால், படுக்கப் போகுமுன் போடுங்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் பற்றரி சூடாக இருக்கும்போதே போடுங்கள். வழியில் போடுவதானால், இடம் தெரிந்தாலும் காரின் வழிகாட்டியில் அந்தச் சார்ஜரையே போய்ச்சேரும் இடமாகக் குறியுங்கள். பல கார்கள் அதைப் பார்த்துத்தான் பற்றரியை முன்கூட்டிச் சூடாக்கத் தொடங்கும். கைபேசியில் வழி பார்த்துப் போனால் காருக்கு ஒன்றும் தெரியாது. சில கார்களில் அதற்குத் தனி பொத்தான் இருக்கிறது, அரை மணிக்கு முன்பே அழுத்துங்கள். இன்னொன்று: சார்ஜ் 20 வீதத்துக்குக் கீழே போனால் பல கார்கள் முன்சூடாக்க மறுத்துவிடும். வெளியே விட்டுப் படுப்பதானால் 40 வீதமாவது வைத்திருங்கள்.

2024 ஜனவரியில் சிக்காகோவில் கடும் குளிரில் சார்ஜர்களைச் சுற்றிக் கார்கள் வரிசையில் நின்றதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த பற்றரிகள், ஒவ்வொன்றும் மணிக்கணக்காகச் சார்ஜரைப் பிடித்துக்கொண்டு நின்றன. முன்னால் நிற்பவர் சூடாக்காமல் வந்தால் பின்னால் நிற்பவரின் பற்றரியும் சேர்ந்து குளிரும்.

திரையில் காட்டும் கிலோமீற்றரை நம்புவது

அது நேற்று நீங்கள் ஓடியதை வைத்துச் சொல்லும் ஊகம். நான் பற்றரி வீதத்தை மட்டும் பார்ப்பேன். மைனஸ் 15 க்குக் கீழே நெடுஞ்சாலை என்றால் கோடைத் தூரத்தில் பாதி என்று திட்டம் போடுவேன். 2025 பெப்ரவரியில் கனடாவின் வாகனச் சங்கமான சிஏஏ ஒட்டாவாவில் இருந்து மொன்-ட்ரம்ப்ளாண்ட் பக்கம் பல கார்களை ஓடவிட்டுப் பார்த்தது. காரைப் பொறுத்து 14 முதல் 39 வீதம் வரை தூரம் குறைந்தது. மைனஸ் 20 இல் காற்றும் கோடையைவிட ஏறத்தாழ 16 வீதம் அடர்த்தி கூடியது, மணிக்கு 110 கிலோமீற்றரில் போகும்போது அதையும் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும். புதியவர்கள் 39 வராது என்று நினைக்கிறார்கள். எதிர்க்காற்று அடித்தால் வரும்.

ஹீற்றரை அணைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு ஓடுவது

செய்ய வேண்டாம், கண்ணாடி பூத்துவிடும். ஆனால் அப்படிச் செய்யத் தோன்றுவதன் காரணம் சரிதான். அமெரிக்க வாகனச் சங்கமான ஏஏஏ 2019 இல் ஐந்து கார்களை மைனஸ் 7 இல் சோதித்தபோது ஹீற்றர் இல்லாமல் 12 வீதம்தான் குறைந்தது, ஹீற்றரோடு 41. பெற்றோல் எஞ்சின் எப்படியும் வீணாக்கும் சூட்டைத்தான் உள்ளே அனுப்புகிறது. மின்சாரக் காரில் அந்தச் சூட்டுக்கும் பற்றரிதான் கொடுக்க வேண்டும்.

வழி இருக்கிறது. வீட்டில் செருகியபடியே காரைச் சூடாக்குங்கள். புறப்படும் நேரத்தைக் காருக்குச் சொல்லிவைத்தால் அதுவே செய்யும். ஓடும்போது இருக்கைச் சூட்டைப் போட்டு, உள்வெப்பத்தை இரண்டு மூன்று பாகை குறையுங்கள். இருக்கைக்கு நூறு வாற்று அளவில்தான் போகும், ஹீற்றருக்கு ஆயிரக்கணக்கில். கோயில், தமிழ்க் கடை, பள்ளிக்கூடம் என்று ஐந்து ஐந்து கிலோமீற்றராகப் பிரித்து ஓடினால் ஒவ்வொரு முறையும் ஆறிப்போன காரை முதலில் இருந்து சூடாக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடியுங்கள்.

சாதாரணச் சுவர்ப் பிளக்கை நம்பி இருப்பது

120 வோல்ற்றில் 1.4 கிலோவாற்றுதான் வரும். மைனஸ் 20 இல் வெளியே நிற்கும் காருக்கு அதில் பெரும்பங்கு சூட்டுக்கே போய்விடும். 240 வோல்ற்றுக்கு மாறுங்கள். ஒன்ராறியோவில் இரவு 11 முதல் காலை 7 வரை மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது, ஆனால் 11 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடியும்படி விடாதீர்கள். 7 மணிக்கு முடியும்படி வையுங்கள். சூடான பற்றரியோடு வெளிக்கிடலாம்.

ரயர் காற்று

வெப்பம் ஐந்தாறு பாகை குறைய ரயர் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறையும். மாதம் ஒருமுறை பாருங்கள்.

கால் எடுத்தால் கார் நிற்கும் என்று நினைப்பது

மின்சாரக் காரில் வேக மிதியில் இருந்து காலை எடுத்தால் மோட்டார் காரை மெதுவாக்கி அந்தச் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். குளிர்ந்த பற்றரி அதை அவ்வளவாக வாங்காது. முதல் பத்து நிமிடம் பிரேக்கில் கால் இருக்கட்டும்.

கூரைப் பெட்டி

கழற்றுங்கள்.

மாட்டிக்கொண்ட பிறகு சார்ஜரை மாற்றிக்கொண்டே இருப்பது

மருமகன் செய்தது இதுதான். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பற்றரி சூடாவதும் நின்றுபோகும். "இனிக் கழட்டாத. ஹீற்றரைக் குறைச்சுப்போட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கோப்பிக் கடைக்குள்ள போய் இரு" என்றேன். நாற்பது நிமிடத்தில் 14 கிலோவாற்று 50 ஆனது என்று செய்தி அனுப்பினான். பத்து மணிக்கு முன்னர் 401 நெடுஞ்சாலையில் ஏறிவிட்டான்.