வீகன் சாப்பாட்டை மூன்று மாதம் முயன்று பார்க்க நினைக்கிறீர்களா? இப்படித் தொடங்குங்கள்

வீகன் என்றால் பால், முட்டை, கறி, தேன் என்று விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லாத சாப்பாடு. பாதாம் பால் பாக்கெட் வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, கொலஸ்ட்ரால், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), இந்த ஐந்தும் போதும். தொடக்க எண் கையில் இல்லாமல் மூன்று மாதம் கழித்து 'உடம்பு லேசான மாதிரி இருக்கு' என்று சொல்வதில் பெரிய அர்த்தமில்லை. அதோடு, தினமும் பாலும் தயிரும் சாப்பிடுகிறவர்களிலேயே பி12 குறைவாக இருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். குறைவோடு தொடங்கினால் அது இன்னும் கீழேதான் போகும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் எல்லாரும் டாக்டரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். சாப்பாடு மாறும்போது சர்க்கரை இறங்கலாம், அப்போது பழைய அளவிலேயே மருந்து போட்டால் தாழ்சர்க்கரை வந்துவிடும். கீரை திடீரென்று கூடினால் வார்ஃபரின் வேலை செய்யும் அளவு மாறும். குழந்தைகளை இந்த முயற்சிக்குள் நீங்களாக இழுக்காதீர்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். நம் வீட்டுச் சமையலில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வீகன்தான்: இட்லி, தோசை, சாம்பார், ரசம், புளிக்குழம்பு, சுண்டல், அடை, பருப்பு உசிலி, தேங்காய்ச் சட்னி, எள்ளுருண்டை. பாலும் தயிரும் நெய்யும் முட்டையும் மீனும் கறியும் தேனும்தான் போகின்றன. அதனால் மாறுவது சுலபம் என்று தோன்றும், சிக்கலும் அங்கேதான். தயிரையும் முட்டையையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் என்று போனால் முழுக்க வீகனாகவே இருந்துகொண்டு சர்க்கரையை ஏற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 22 ஜோடி இரட்டையரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளிவந்தது, ஒருவருக்கு வீகன், மற்றவருக்கு அசைவமும் சேர்ந்த நல்ல சாப்பாடு என்று 8 வாரம். வீகன் பக்கம் கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதலாக இறங்கியது. ஆனால் அவர்கள் சாப்பிட்டது காய்கறியும் பருப்பும் முழுதானியமும், மைதா பிஸ்கட் இல்லை.

புரதம்தான் முதல் கணக்கு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்லும் அளவு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம், 60 கிலோ ஆளுக்குச் சுமார் 50 கிராம். துவரம் பருப்பு 100 கிராமில் 22 கிராம் இருக்கிறது, உண்மைதான், ஆனால் நம் சாம்பாரில் ஓர் ஆளுக்கு விழும் பருப்பு 20 கிராம்கூட இருக்காது. ஆகவே சாம்பாரை நம்பி உட்காராதீர்கள். தினம் ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வேளை அடையோ பச்சைப் பயறு தோசையோ, வாரத்தில் சில நாள் மீல் மேக்கர் அல்லது டோஃபு (சோயா பனீர்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கிராம் மீல் மேக்கரிலேயே 15 கிராம் புரதம் வந்துவிடும். கூட்டில் பருப்பைக் கூட்டி, தட்டில் சோற்றைக் குறையுங்கள்.

அடுத்தது பி12. இதில் பேரம் பேச இடமே இல்லை, மாத்திரை போட்டே ஆக வேண்டும். புளித்த இட்லி மாவில் இருக்கிறது, பழைய சோற்றில் இருக்கிறது, ஸ்பிருலினா என்ற பாசியில் இருக்கிறது என்று வரும் வாட்ஸப் செய்திகளை நம்பி விட்டுவிடாதீர்கள். ஸ்பிருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரலில் பி12 சேமிப்பு சில வருடங்களுக்குத் தாங்கும், அதனால் முதலில் எதுவும் தெரியாது, பிறகு கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது மாதிரி இருப்பது, நாக்கு எரிவது, மறதி என்று மெல்ல வரும். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் ஃபோலேட் என்ற வைட்டமின் ரத்தசோகையை மறைத்துவிடுவதால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கலாம். 1944இல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சொசைட்டியே தன் ஆட்களுக்குச் சொல்வது, தினமும் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2000. ஏற்கெனவே குறைவாக இருந்தால் அளவை டாக்டர் சொல்லட்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள், அந்த மருந்தே பி12ஐக் குறைக்கும். காப்ஸ்யூல் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், அது வேண்டாம் என்றால் மாத்திரையாகக் கேளுங்கள்.

கால்சியத்துக்குக் கேழ்வரகு, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். எள்ளுப்பொடி, முருங்கைக்கீரையும் சேரட்டும். பாலக்கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலேயே இருக்கும் ஆக்ஸலேட் அதை உடம்பில் சேர விடாது. பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்பதால் கால்சியம் சேர்த்த சோயா பாலும் இருப்பது நல்லது. வீகன்களுக்கு எலும்பு முறிவு கூடுதலாக வந்ததை இங்கிலாந்தில் எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு காட்டியிருக்கிறது, அதனால் இதை லேசாக விடாதீர்கள். இரும்புச்சத்துக்குச் சுண்டலிலும் கீரையிலும் எலுமிச்சை பிழியுங்கள், காபி டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். உப்பு அயோடின் உப்பாகவே இருக்கட்டும், இந்துப்புக்கு மாறாதீர்கள்.

தயிர் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு வேர்க்கடலைத் தயிர். நான் தயிர்சாதத்துக்கு இதைத்தான் சொல்வேன், தேங்காய்ப்பாலில் புரதம் கொஞ்சம், கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைகொழுப்பு அதிகம். ஒரு கப் பச்சை வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்தது, சுருங்கியது எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு எட்டு மணி நேரம் ஊறவைத்து, தோலை உரித்து, மூன்று கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நைஸாக அரைத்து வெள்ளைத்துணியில் பிழியுங்கள். அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் காய்ச்சி, விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறியதும் எட்டுப் பத்து மிளகாய்க் காம்பைக் கழுவிப் போட்டு, மூடி, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். முதல் முறை கொஞ்சம் தளர்வாகத்தான் உறையும், அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்றினால் கெட்டியாக வரும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து வெள்ளரிக்காய் போட்டுச் சாப்பிடுங்கள். சக்கையை அடை மாவில் கலந்துவிடலாம். இதில் கால்சியம் குறைவு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

காபிதான் பலருக்கும் கடைசிக் கஷ்டம். சோயா பாலில் கொதிக்கும் டிகாஷனை ஊற்றினால் திரிந்துவிடும், டிகாஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு, சூடான சோயா பாலில் மெல்ல ஊற்றுங்கள். ஓட்ஸ் பால் இந்த விஷயத்தில் தேவலை. ஒரே நாளில் விட வேண்டியதில்லை, முதல் வாரம் காலைச் சாப்பாட்டை மட்டும் மாற்றி, அப்புறம் இரவு, பிறகு மதியம், காபியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பருப்பும் பயறும் கூடியதும் வயிறு உப்பும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெருங்காயமும் இஞ்சியும் சேர்த்து நன்றாக வேகவைத்தால் சில வாரங்களில் பழகிவிடும். பாலால் உப்புசம் வந்துகொண்டிருந்தவர்களுக்கு நேர்மாறாக, வயிறு அமைதியாகிவிடும்.

கடையில் பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது சைவம் என்பதற்கு, பால்பொடியும் நெய்யும் அதில் இருக்கலாம். இலையோடு 'வி' எழுத்துப் போட்ட பச்சை முத்திரைதான் வீகனுக்கு. ஓட்டலில் பொங்கல், ரவா தோசை, பரோட்டா மூன்றையும் நெய், மோர், முட்டை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். வீகன் இறைச்சி என்று விற்கும் பாக்கெட்டுகளை உடம்புக்காக மாறுகிறவர் தேடிப் போக வேண்டாம், உப்பின் அளவைப் பார்த்தாலே தெரியும்.

மூன்று மாதம் ஆனதும் அதே பரிசோதனைகளை அதே லேபில் எடுங்கள். கொலஸ்ட்ராலும் ஹெச்பிஏ1சியும் இறங்கி, பி12ம் ஹீமோகுளோபினும் குறையாமல் இருந்தால் தொடரலாம், வருடம் ஒரு முறை பி12 பார்த்தால் போதும். ஹெச்பிஏ1சி ஏறியிருந்தால் தட்டில் சோற்றின் அளவைப் பாருங்கள். எடை வேகமாகக் குறைந்து, முடி கொட்டி, படி ஏறினால் மூச்சு வாங்கினால் மூன்று மாதம் வரை காத்திருக்காமல் அப்போதே டாக்டரைப் பாருங்கள்.