மூன்று மடிப்புக் குடையின் மூட்டுகளை அறிந்து பழுது பார்க்கும் முறை

கைப்பையில் அடங்கும் மூன்று மடிப்புக் குடையில் ஒரு கம்பி முறிந்துவிட்டால், பழுது பார்க்க இயலாத பொருள் என்று முடிவு கட்டி அதைக் குப்பையில் போடுவதே இன்று வழக்கமாகிவிட்டது. உள்ளே எது எதை இழுக்கிறது, எது எதைத் தாங்குகிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டால், ஊசி, நூல், குறடு, ஒரு முழம் மெல்லிய கம்பி ஆகிய நான்கைக் கொண்டு இக்குடைகளில் பலவற்றை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். ஆகவே முதலில் அமைப்பை விளக்கிவிட்டுப் பிறகு பழுதுகளுக்கு வருகிறேன். அமைப்பு புரியாமல் செய்யும் பழுதுபார்ப்பு அடுத்த மழைவரைகூடத் தாங்காது.

நீளமான பழைய குடையை எடுத்துக்கொண்டால், அதில் ஒவ்வொரு கம்பிக்கும் மூன்றே மூட்டுகள்தான் இருக்கும். கம்பியின் மேல்முனை தண்டின் உச்சியிலுள்ள வளையத்தில் கோக்கப்பட்டிருக்கும். தண்டின்மேல் ஏறி இறங்கும் ரன்னரிலிருந்து ஓர் உதைகம்பி புறப்பட்டு, குடைக்கம்பியின் நடுவில் சேரும். ரன்னரில் ஒன்று, உச்சியில் ஒன்று, சேருமிடத்தில் ஒன்று என்று எட்டுக் கம்பிக் குடைக்கு மொத்தம் இருபத்துநான்கு மூட்டுகள். என்னிடமுள்ள மூன்று மடிப்புக் குடையில் ஒரே கம்பித் தொகுதியில் எட்டு மூட்டுகளை எண்ணினேன்; எட்டுத் தொகுதிகளுக்கு அது அறுபத்துநான்கு ஆகிறது. குடையைக் குட்டையாக்குவது இந்த மூட்டுகள்தான். அது கெடுவதும் பெரும்பாலும் இவற்றில்தான்.

அந்தக் கூடுதல் மூட்டுகள் செய்யும் வேலையை அறிய, குடையைத் தலைகீழாகப் பிடித்து மிக மெதுவாக விரித்துப் பாருங்கள். குடைக்கம்பி ஒரே துண்டாக இல்லாமல் மூன்று துண்டுகளாக இருக்கும். மடங்கிய நிலையில் முதல் துண்டு தண்டையொட்டிக் கீழே இறங்க, இரண்டாவது மேல்நோக்கித் திரும்ப, மூன்றாவது மறுபடியும் கீழே இறங்கும். ஏறத்தாழ 54 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பி இப்படி மூன்றாக மடிவதால் 18 சென்டிமீட்டருக்குள் ஒடுங்குகிறது. கைப்பிடியும் உச்சியும் சேர்ந்து மொத்த நீளம் 24 முதல் 28 சென்டிமீட்டர்வரை வருகிறது. ரன்னரை மேலே தள்ளும்போது நம் கை தொடுவது ரன்னரை மட்டுமே. ஆயினும் மூன்று துண்டுகளும் ஒரே சமயத்தில் நீள்கின்றன. இதற்குக் காரணம் கம்பியின் பள்ளத்துக்குள் பாதி மறைந்து ஓடும் மெல்லிய துணைக்கம்பி. அதன் முனை, துண்டுகள் சேரும் மூட்டின் மேலேயே பொருத்தப்படாமல், சில மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். அந்தச் சிறு இடைவெளியே நெம்புகோலாகிறது. முதல் மூட்டு விரியும்போது துணைக்கம்பி இழுபட்டு, அடுத்த துண்டைத் திருப்புகிறது. அந்தத் துண்டு திரும்புவதால் அதற்கடுத்த துணைக்கம்பி இழுபட்டு, கடைசித் துண்டை நீட்டுகிறது.

பலவீனமும் அந்தச் சிறு இடைவெளியில்தான் பிறக்கிறது. நான் அளந்த குடையில் அது 8 மில்லிமீட்டர்; கடைசித் துண்டின் நீளமோ 18 சென்டிமீட்டர், அதாவது 180 மில்லிமீட்டர். 180-ஐ 8-ஆல் வகுத்தால் இருபத்திரண்டரை வரும். துணியின் பிடிப்பு இல்லாத நிலையில் முனையைக் காற்று அரைக் கிலோ எடை அளவுக்குத் தூக்கினால், துணைக்கம்பியும் அதைப் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு ரிவிட்டும் பதினொரு கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பைத் தாங்கியாக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கம்பிக்கு இது பெரிய சுமையன்று. ஆனால் மெல்லிய தகட்டில் போட்ட துளைக்கு அது பெருஞ்சுமை. துளை முதலில் நீள்வட்டமாக விரிகிறது, பிறகு ஓரம் கிழிகிறது. கம்பி உடைந்துவிட்டது என்று நாம் சொல்லும் குடைகளில் பலவற்றில் உண்மையில் கிழிந்திருப்பது இந்தத் துளையின் ஓரமே.

கம்பி ஏன் உருண்டையாக இல்லாமல் ‘ப’ வடிவப் பள்ளமாக வளைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற ஊரில் எஃகுக் கம்பி ஆலை நடத்திய சாமுவேல் ஃபாக்ஸ், 1852-இல் இந்தப் பள்ளக் கம்பியைக் குடைக்குக் கொண்டுவந்தார். அதுவரை திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுக்கப்பட்ட கனத்த பட்டைகளும் பிரம்பும் குடைக்கம்பிகளாக இருந்தன. அதே எடையுள்ள எஃகைப் பள்ளமாக வளைத்தால் அது எளிதில் வளையாது என்பது அவர் கண்ட பயன். அந்தப் பள்ளத்துக்குள் இன்னொரு கம்பியை ஒளித்து வைக்கலாம் என்பது பின்னால் மடக்குக் குடை செய்தவர்களுக்குக் கிடைத்த பயன். ஜெர்மனியில் ஹான்ஸ் ஹாப்ட் 1920-களின் இறுதியில் உருவாக்கி, ‘க்னிர்ப்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த சட்டைப்பைக் குடையின் வழி வந்தவையே இன்று நாம் பையில் வைத்திருக்கும் குடைகள்.

இனித் துணி. குடையிலிருந்து துணியைக் கழற்றிவிட்டு விரித்தால் கம்பிகள் ஏறத்தாழ நேராகவே நிற்கும்; அந்த அழகிய வளைவு கம்பியில் இல்லை. எட்டு முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த துணி எட்டு முனைகளையும் உள்நோக்கி இழுப்பதால்தான் கம்பிகள் வில்போல வளைகின்றன. துணி இழுக்க, கம்பி எதிர்க்க, இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிற்பதே விரிந்த குடை. இதனால் ஒரு முனையில் தையல் விட்டுப்போனால் கேடு அந்த முனையோடு நிற்பதில்லை. விடுபட்ட கம்பிக்குத் துணியின் பிடிப்பு போய்விடுவதால் காற்று அதைத் தனியே ஆட்டுகிறது; இருபக்கத்துக் கம்பிகளும் தம் பங்குக்கு மேல் இழுபடுகின்றன. என் தாயாரின் குடையில் ஒரு முனைத் தையல் விட்டிருந்ததை நான் பார்த்தும், ஞாயிற்றுக்கிழமை தைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் இரண்டே நாளில் அதே கம்பியின் கடைசி மூட்டு கிழிந்துவிட்டது. ஐந்து நிமிடத் தையலில் முடிந்திருக்க வேண்டிய வேலை அரை நாள் வேலையாயிற்று. ஆகையால் முனைத் தையலை அன்றன்றே முடித்துவிடுங்கள் என்பதை இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமாகச் சொல்கிறேன்.

தைக்கும் முறை இது. குடையை முழுவதும் விரித்து வைத்துக்கொண்டு துணியை இழுத்துத் தைக்க முயலக் கூடாது. இழுவிசைக்கு எதிராகத் தைத்தால் நூல் துணியை அறுத்துவிடும். ரன்னரைக் கொக்கியிலிருந்து விடுவித்துப் பாதியளவு இறக்கினால் துணி தளர்ந்துவிடும். பாலியெஸ்டர் நூலை இரட்டையாக்கி, மெழுகுவர்த்தியின்மேல் ஒருமுறை இழுத்து மெழுகேற்றிக்கொள்ளுங்கள். பருத்தி நூல் நனைந்து நனைந்து இற்றுப்போகும். கம்பி முனையிலுள்ள கண்ணின் வழியாக ஊசியை விட்டு, துணியின் மூலையில் ஓரம் மடித்துத் தைத்திருக்கும் கனத்த பகுதியில் குத்தி எடுக்க வேண்டும். ஒற்றைத் துணியில் குத்தினால் அந்தத் தையல் நிற்காது. இப்படி ஐந்தாறு முறை சுற்றி, முடிச்சைத் துணியின் உட்புறத்தில் போடுங்கள். முனையில் பிளாஸ்டிக் குமிழ் உள்ள குடைகளில் துணி குமிழோடுதான் தைக்கப்பட்டிருக்கும். அங்கே குமிழைத் துணியோடு தைத்து முடித்த பிறகு கம்பியில் செருகினால் போதும். துணி கம்பியின் மூட்டுகளோடு இடையிடையே நூலால் கட்டப்பட்டிருப்பதையும் பாருங்கள். அந்தக் கட்டு அவிழ்ந்திருந்தால் மடக்கும்போது துணி மூட்டுக்குள் சிக்கிக் கிழியும். ஆனால் கட்டை இறுக்கமாகப் போடாதீர்கள், மூட்டு அசைவதற்கு இடம் வேண்டும்.

ரிவிட் கழன்று விழுந்திருந்தால், துளையில் தளராமல் நுழையக்கூடிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை எடுத்து, இரண்டு சென்டிமீட்டர் நறுக்கி, இரு துண்டுகளின் துளைகளையும் நேராக்கிச் செருகுங்கள். இரு முனைகளையும் குறட்டால் எதிரெதிர்த் திசையில் மடித்து, மிகுதியை வெட்டிவிட்டு, வெட்டிய நுனியைப் பள்ளத்தின் பக்கமாக அழுத்திவிட வேண்டும். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முதல் விரிப்பிலேயே துணியில் ஓட்டை விழும். கட்டடக் கட்டுக்கம்பி கையில் கிடைத்தாலும் அது ஒரே பருவத்தில் துருவேறிவிடும். செம்புக் கம்பி விரைவில் தேயும், அவசரத்துக்கு மட்டும் ஆகும். மூட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கவே கூடாது. மூட்டு இறுகினால் குடை மடங்காது. நாம் வலிந்து மடக்கும்போது பக்கத்துத் துளை கிழியும்.

பள்ளக் கம்பி நடுவில் மடிந்துவிட்டால் அதை நேராக்கி மட்டும் விடுவது பயன் தராது. ஒருமுறை மடிந்த தகடு அதே இடத்தில் மறுபடியும் மடியும். பழைய குடையின் கம்பியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் வெட்டி, முறிவின் இருபுறமும் மும்மூன்று சென்டிமீட்டர் வருமாறு வெளிப்புறமாக அணைத்து, மெல்லிய கம்பியால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். எலும்பு முறிவுக்குச் சிம்பு வைத்துக் கட்டுவது போன்ற வேலைதான் இது. துணைக்கம்பி ஓடும் பள்ளத்தை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுற்றுக்கம்பி உள்ளே புகுந்துவிட்டால் மடிப்பு பாதியில் நின்றுவிடும். முறிவு மூட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் இருந்தால் சிம்பு வைக்க இடமிருக்காது. அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். கடைசித் துண்டு ஃபைபர் கிளாஸாக இருந்து நார்நாராகப் பிளந்திருந்தாலும் மாற்றுவதே சரி.

எட்டு உதைகம்பிகளும் ஒரே நேரத்தில் கழன்று தொங்கினால் பலர் பயந்துவிடுகிறார்கள். உண்மையில் இதுவே எளிய பழுது. ரன்னரைச் சுற்றி வெட்டியிருக்கும் பள்ளங்களில் உதைகம்பிகளின் முனைகள் அமர்ந்திருக்க, அவற்றின் துளைகள் வழியாக ஒரே கம்பி மாலைபோலக் கோத்துச் செல்கிறது. அது ஓரிடத்தில் அறுந்தால் அனைத்தும் கழன்றுவிடும். அறுந்த கம்பியை உருவிவிட்டு, அதே கனமுள்ள புதுக் கம்பியில் எட்டு முனைகளையும் வரிசை மாறாமல் கோத்து, ரன்னரின் பள்ளத்தில் அமர்த்தி, இரு நுனிகளையும் இரண்டரைச் சுற்று முறுக்கி உள்ளே மடித்துவிடுங்கள். உச்சி வளையத்திலும் இதே அமைப்புதான்.

ரன்னர் மேலே நிற்காமல் சரிந்தால், தண்டின் பிளவிலிருந்து எட்டிப் பார்க்கும் கொக்கி ஸ்பிரிங்கைக் கவனியுங்கள். ரன்னர் ஏறும்போது அது உள்ளே அமிழ்ந்து, ரன்னர் கடந்ததும் வெளியே துள்ளி அதன் அடியைத் தாங்க வேண்டும். துருவும் அழுக்கும் சேர்ந்தால் துள்ளாது. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

பட்டனை அழுத்தினால் விரிந்து, மீண்டும் அழுத்தினால் மடங்கும் குடைகளுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. அவற்றின் தண்டுக்குள் வலிமையான ஸ்பிரிங் இருக்கிறது. இரண்டாம் முறை அழுத்தும்போது கம்பிகள் மட்டுமே மடங்கும். தண்டை நாம் கையால் அழுத்திக் குறுக்கும்போதுதான் அடுத்த விரிப்புக்கான விசை அந்த ஸ்பிரிங்கில் ஏறுகிறது. தண்டைப் பாதி அழுத்திய நிலையில் கை நழுவினால் கைப்பிடி முகத்தைத் தாக்கும் வேகத்தில் பாயும். ஆகவே குறுக்கும்போது குடையை முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். குழந்தைகளின் கையில் இவ்வகைக் குடையைக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. இத்தகைய குடையில் கம்பிகளையும் துணியையும் தாராளமாகப் பழுது பாருங்கள். தண்டை மட்டும் பிரிக்காதீர்கள்.

காற்றில் குடை மேல்நோக்கிப் புரண்டுவிட்டால் விளிம்பைப் பிடித்து இழுத்து நேராக்குவதே நாம் இயல்பாகச் செய்வது. கம்பிகள் மடிவது அப்போதுதான். காற்றுக்கு முதுகு காட்டி நின்று ரன்னரை மெதுவாகக் கீழே இறக்கினால், நல்ல நிலையிலுள்ள குடையின் மூட்டுகள் தாமே மடிந்து பழைய வழிக்குத் திரும்பிவிடும்.

வீடு திரும்பியதும் குடையைப் பாதி விரித்து நிழலில் உலர்த்துங்கள். முழுவதும் விரித்து உலர்த்தினால், நனைந்த துணி காயும்வரை தையல்கள் வீணாக இழுபட்டுக்கொண்டிருக்கும். ஈரத்தோடு உறைக்குள் போட்டால் துணைக்கம்பி ஓடும் பள்ளத்தில் நீர் தங்கித் துரு பிடிக்கும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் கம்பிகளை நல்ல நீரில் அலசி உலர்த்தி, மூட்டுகளில் எண்ணெய் தொட்டு வைப்பது நல்லது.

புதுக்குடை வாங்கும்போது துணியின் நிறத்தைப் பார்க்கும் முன் அதை விரித்து, ஒரு கம்பியின் கடைசித் துண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிப் பாருங்கள். மூட்டு இப்போதே கடகடவென்று ஆடினால் அந்தத் துளை விரைவில் விரியும். கடைசித் துண்டு ஃபைபர் கிளாஸாக இருப்பது நல்லது, ஏனெனில் அது வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்பும். ஐந்து மடிப்புக் குடை 18 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்குவது கண்ணைக் கவரும். ஆனால் மூட்டுகள் இன்னும் கூடுவதால் அதை வெயிலுக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். கடைசியாகப் பழுதே பார்க்க முடியாத நிலைக்கு வந்துவிட்ட பழைய குடையை எறிவதற்கு முன், நல்ல கம்பித் துண்டுகளையும் துணைக்கம்பிகளையும் முனைக் குமிழ்களையும் ஒரு கையகலத் துணியையும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த குடைக்குச் சிம்பு வைக்கவும் ஒட்டுப் போடவும் தேவையான அளவில் இந்தத் துண்டுகள் கடைகளில் கிடைப்பதில்லை.