கையில் கட்டிய காப்பைக் கேளுங்கள்

எங்கள் வாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தாதியர் தங்கச்சிமார், இதயம் பலவீனமானவர்களிடம் நன்றாகத்தான் விசாரிக்கிறார்கள். இளைப்பு இருக்கா, கால் வீங்குதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். நேர்த்திக்காகக் கையில் கட்டியிருக்கும் மஞ்சள் காப்பைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நானும் ஒரு காலத்தில் கேட்கவில்லை. உப்பு, தண்ணீர் அளவு எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விடுகிறேன். நோயாளியின் நம்பிக்கை விடயத்தில் நாங்கள் விடும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

நேர்த்தியை ‘பிறகு பாப்பம்’ என்று தள்ளுவது

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து வந்த ஓர் அம்மா. வைகாசி பிறக்கும் நேரம். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, “மகள், கண்ணகி அம்மாளுக்கு ஒரு நேர்த்தி இரிக்கு” என்றா. நான் குளிசைகளை எண்ணிக்கொண்டே, “அதெல்லாம் சுகமான பிறகு பாப்பம் அம்மா” என்றேன். தலையாட்டினா. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வருடச் சடங்குக்காகக் கோயில் கதவு திறந்ததும் விரதம் தொடங்கியிருக்கிறா. வெறும் வயிற்றில் குளிசை கூடாது என்ற எண்ணம். சடங்கு நடக்கும்போது அடிக்கடி சலத்துக்கு எழும்பவும் கூச்சம். அதனால் எல்லாக் குளிசையையும் நிறுத்திவிட்டா. சடங்கை நிறைவு செய்யும் திருக்குளிர்த்தி முடிந்த இரவு கொண்டுவந்தார்கள். படுக்க முடியாமல் நிமிர்ந்தே இருந்தா. கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தினேன். விழுந்த குழி நெடுநேரம் நிரம்பவே இல்லை.

மூச்சு கொஞ்சம் வந்ததும் கேட்டா: “நீ பிறகு பாப்பம் எண்டாய். அம்மாள் காத்திருப்பாவா மகள்?”

இன்றைக்கும் யாராவது அதே சொல்லைச் சொல்வது காதில் விழுந்தால் எனக்குக் கோபம் வருகிறது. விரதம் எத்தனை நாள், என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை மணிக்குக் கோயிலில் இருப்பீர்கள் என்று மூன்று கேள்வி போதும். சலம் போக்கும் பியுரோசமைட்டை வெறும் வயிற்றிலும் போடலாம். நேரத்தை மாற்றுவதை வைத்தியரிடம் கேட்கலாம். விரதம் முடிக்கும் இளநீரையும் கேளுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் ஸ்பைரோனோலக்டோன் குளிசை போடுபவருக்கு இரத்தத்தில் அது ஏறி இதயத் துடிப்பையே குழப்பலாம். மூன்று நாளில் 2 கிலோ நிறை கூடினால், சடங்கு முடியட்டும் என்று இருக்காமல் வரச் சொல்லுங்கள்.

அடுத்த வருடம் அந்தக் கோயிலில் பூசை செய்யும் கட்டாடியாரிடம் போய்ப் பேசினேன். “குளிசையை அம்மாளிட பேரச் சொல்லிப் போடு புள்ள” என்று அவர் சொன்ன பிறகு, அந்த அம்மா ஒரு வேளையும் தவறவிடவில்லை.

நோன்பு பிடிக்காதீர்கள் என்று வெறுமனே சொல்வது

நோயாளிக்குச் சலுகை உண்டென்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமே சொல்கிறது. காத்தான்குடியிலிருந்து வரும் உம்மாவுக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் பிடிக்க ஆசைப்படுவா. ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். வைத்தியர் சம்மதித்தால் மட்டும் குளிசைகளை விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கும் நோன்பு திறப்புக்கும் பிரிக்கலாம். கூடாதென்றால் மௌலவியையும் பேச்சில் சேருங்கள்.

உங்கள் சாமியை அவர்களுக்குக் கொடுப்பது

வேண்டாம்.

‘என்ன பாவம் செய்தேன்’ என்று நோயாளி சொன்னதும் பேச்சை மாற்றுவது

பேச்சை மாற்றாமல் கேட்கலாம். கிறிஸ்டினா புச்சால்ஸ்கி என்ற அமெரிக்க வைத்தியர் நோயாளியிடம் கேட்க நான்கு விடயங்களை வகுத்திருக்கிறார்: நம்பிக்கை என்ன, அது எவ்வளவு முக்கியம், கூட நிற்பவர்கள் யார், சிகிச்சையில் நாங்கள் அதை எப்படிக் கவனிப்பது. எனக்குப் பிடித்தது நான்காவது. வாவியில் வலை வீசிய ஒரு ஐயாவிடம் ஓர் இரவு அதைக் கேட்டேன். “ஒண்டும் வேணாம் மகள், வெளிச்சத்தக் குறைச்சிட்டுக் கொஞ்சம் இரி” என்றார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். செபமாலையை உருட்டிக்கொண்டே, விடியற்புறம் நித்திரையானார்.